நவஹோ பீஸ்மேக்கிங் பள்ளிக்கூடத்துக்குள் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் சண்டை, கேலி, ஆசிரியரை எதிர்த்துப் பேசுவது போன்றவற்றைத் தண்டனையால் மட்டும் சமாளிக்க முடியாது என்று யார் பேச ஆரம்பித்தாலும், கொஞ்ச நேரத்தில் அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் பெயர் வந்துவிடுகிறது. "அவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரே வரியோடு பெரும்பாலும் பேச்சு முடிந்தும் போகிறது. வட்டமாக உட்காருவது இதில் ரொம்பச் சின்ன விஷயம். அதற்குள் என்ன நடக்கிறது, பள்ளிக்குள் கொண்டுவந்தால் எங்கே உதவும், எங்கே உதவாது என்று வழக்கமாக வரும் கேள்விகளை எடுத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், நவஹோ மக்கள் யார்?

தங்களை 'டினே' என்று அழைத்துக்கொள்பவர்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவஹோ நேஷன். பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், தலைநகர் விண்டோ ராக். சொந்த அரசு, சொந்த நீதிமன்றம், சொந்தப் போலீஸ் எல்லாம் உண்டு. வறண்ட மேட்டுநிலம், வீடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம், பிள்ளைகள் மண்சாலையில் பஸ் பிடித்து நெடுந்தூரம் போய்ப் படிக்கும் ஊர்கள் நிறைய. இந்த பஸ் பிரயாணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு உதாரணத்துக்குத் தேவைப்படும்.

பீஸ்மேக்கிங் என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு தகராறு வந்தால், அதில் மாட்டிய இருவரையும், அவர்களுடைய உறவினரையும், அந்தத் தகராறால் பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஊர் மதிக்கும் ஒரு பெரியவர் முன்னிலையில் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு முடிவுக்கு வருவது. அந்தப் பெரியவர் 'நாட்டானி', ஆங்கிலத்தில் பீஸ்மேக்கர். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

இதற்கு அடியில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்று 'ஹோஜோ': மனிதர்கள், விலங்குகள், நிலம், வானம் எல்லாம் தத்தம் இடத்தில் ஒத்திசைந்து இருக்கும் நிலை. தகராறு என்பது அந்த நிலை குலைந்துபோனதன் அடையாளம். இன்னொன்று 'கே': உறவு, உறவால் வரும் கடமை, மரியாதை எல்லாம் சேர்ந்தது. தப்பு செய்தவனைப் பற்றி நவஹோ மக்கள் சொல்வது, "சொந்தபந்தமே இல்லாதவன் மாதிரி நடந்துகொள்கிறான்" என்பது. என்னைக் கேட்டால் இந்த முறையின் மொத்தமும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. அவனுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது என்று அவனுக்கும் ஊருக்கும் காட்டுவதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

அப்படியென்றால் நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரியா?

இல்லை. பஞ்சாயத்தில் நாலு பெரிய மனிதர்கள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள், கட்டுப்பட வேண்டும், மீறினால் ஒதுக்கிவைப்பு. சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். பீஸ்மேக்கிங்கில் யாருக்கும் தீர்ப்பு அதிகாரம் கிடையாது. ஒதுக்கிவைப்பதற்கு நேர் எதிரான வேலை அது. நவஹோ நேஷனின் தலைமை நீதிபதியாக இருந்த ராபர்ட் யாஸி, மேற்கத்திய நீதியைச் செங்குத்தான நீதி என்றும் (மேலே நீதிபதி, கீழே மற்றவர்), தங்களுடையதைக் கிடைமட்ட நீதி என்றும் எழுதினார். கிடைமட்டம் என்றால் எல்லோரும் ஒரே தரையில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு பழசு? 1982 என்று ஒரு வருஷம் சொல்கிறார்களே?

முறை பழசு. வருஷம் அதன் நவீன வடிவத்துக்கு. 1864-இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை ஊரைவிட்டுக் கிளப்பி நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்று போஸ்கே ரெடோண்டோவில் அடைத்துவைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பினார்கள். 1892-இல் வெள்ளை அதிகாரிகள் தங்கள் பாணி நீதிமன்றத்தை அங்கே கொண்டுவந்தார்கள். 1959-இல் நவஹோ மக்களே தங்கள் நீதிமன்றங்களை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நடைமுறை பெரும்பாலும் அமெரிக்க நடைமுறைதான். இது நமக்கு ஒட்டவில்லையே என்று நவஹோ நீதிபதிகளுக்கே தோன்றி, 1982-இல் பழைய முறைக்கு ஓர் அமைப்பு கொடுத்தார்கள். அதுதான் பீஸ்மேக்கர் கோர்ட். இப்போது அதன் பெயர் பீஸ்மேக்கிங் புரோகிராம். 2012-இல் அதன் செயல்திட்டத்தைத் திருத்தி, தகராறு தீர்ப்பதோடு, குடும்பக் கூட்டங்கள், வாழ்க்கை முறை பற்றிய பேச்சு, பாரம்பரியக் கல்வி என்று அகலப்படுத்தினார்கள். பள்ளிக்குள் நுழைய வழி அகலமானது இந்தப் பக்கமாகத்தான்.

பள்ளிக்கும் இதற்கும் அப்படி என்ன சம்பந்தம்? வேறு இடத்திலும் பேசித் தீர்க்கலாமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நவஹோ நிலத்தில் பள்ளி என்பது ஒன்றும் அறியாத அப்பாவிக் கட்டடம் இல்லை.

மேலே சொன்ன 1868 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவில், 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் தரப்படும் என்று எழுதியிருக்கிறது. காகிதத்தில் நல்ல விஷயம். நடந்தது விடுதிப் பள்ளிகள். பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். 1892-இல் ஷிப்லி என்ற அரசு ஏஜென்ட், ஃபோர்ட் டிஃபையன்ஸ் விடுதிப் பள்ளிக்குப் பிள்ளை பிடிக்க ரவுண்ட் ராக் என்ற ஊருக்குப் போனார். அந்தப் பள்ளியில் பிள்ளைகளை நடத்தும் விதம் தெரிந்திருந்த பிளாக் ஹார்ஸ் என்ற தலைவர் முடியாது என்று நின்றார். வாக்குவாதம் முற்றி ஏஜென்ட்டை அடித்தே விட்டார்கள். நீதிமன்றம் வந்த அதே வருஷம், கவனித்தீர்களா? பள்ளியும் நீதிமன்றமும் ஒரே கை கொண்டுவந்தவை.

ஆக, "சொந்தபந்தம் இல்லாதவன் மாதிரி" பிள்ளைகளை ஆக்கியதில் பள்ளிக்கே பெரிய பங்கு இருக்கிறது. இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்கும் பாட்டிக்கு அந்த ஞாபகம் உண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று புலம்பும் தலைமையாசிரியர் இதைத் தெரிந்துகொண்டு புலம்பினால் நல்லது.

அப்புறம் பழைய கதை மட்டும் இல்லை. 2022-இல் ப்ரோபப்ளிகா, நியூ மெக்சிகோ இன் டெப்த் என்ற இரண்டு செய்தி நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. நியூ மெக்சிகோவின் பழங்குடி மாணவர்களில் சுமார் கால் பங்கினர் படிக்கும் கேலப்-மெக்கின்லி பள்ளி மாவட்டத்தில்தான், அந்த மாநிலத்தில் பழங்குடி மாணவர்களைப் பள்ளியைவிட்டு நீக்கியதில் முக்கால் பங்காவது நடந்திருக்கிறது என்றது அந்தக் கணக்கு. மாவட்ட நிர்வாகம் அதை மறுத்தது. எது எப்படியோ, 1994-இல் துப்பாக்கி பற்றி வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவிய "பொறுத்துக்கொள்ளவே மாட்டோம்" கொள்கை, துப்பாக்கியைத் தாண்டிச் சின்னச் சின்ன விஷயங்களுக்கும் பிள்ளைகளை வெளியே அனுப்பும் பழக்கமாக மாறியது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை நவஹோ நிலத்தில் எங்கே போகும்? பக்கத்து வீடே சில மைல் தள்ளி இருக்கும் இடத்தில், பகல் முழுக்கத் தனியாக.

சரி, பள்ளியில் ஒரு கூடல், அதாவது பீஸ்மேக்கிங் கூட்டம், எப்படி நடக்கும்?

கற்பனையாக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் 13 வயதுப் பையன் ஒருவன் இன்னொருவனுடைய போனைப் பிடுங்கி உடைக்கிறான். அதற்கு முந்தின வாரம் அந்தப் போனில் இவனைக் கேலி செய்து ஒரு வீடியோ எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அடிதடி. பஸ் டிரைவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. வழக்கமான பாதையில் போனால் உடைத்தவனுக்குப் பத்து நாள் இடைநீக்கம், வீடியோ எடுத்தவனுக்கு ஓர் எச்சரிக்கை, போன் உடைந்த வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

பீஸ்மேக்கிங் பாதையில் முதலில் இரு குடும்பங்களின் சம்மதம். பிறகு யார் பீஸ்மேக்கர் என்று இரு தரப்பும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கூடலுக்கு வருபவர்கள்: இரண்டு பையன்கள், பெற்றோர், வளர்க்கும் பாட்டி, மாமன்மார், வகுப்பாசிரியர், கண்டிப்பாக பஸ் டிரைவர். டிரைவரைக் கூப்பிட வேண்டும் என்பது பள்ளி நிர்வாகங்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஆனால் அந்த மண்சாலையில் நாற்பது பிள்ளைகளோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவர்தான், அவர் பயந்ததைப் பையன்கள் கேட்க வேண்டும்.

பிரார்த்தனையோடு தொடக்கம். அடுத்தது அறிமுகம், இங்கேதான் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது. நவஹோ முறையில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது நான்கு குலங்களைச் சொல்லி: அம்மாவின் குலம் (அதுதான் தன் குலம்), அப்பாவின் குலம், அம்மாவழித் தாத்தாவின் குலம், அப்பாவழித் தாத்தாவின் குலம். உயர்ந்த வீட்டார், கசப்பு நீரார், சேற்று மக்கள் என்றெல்லாம் குலப் பெயர்கள். எல்லோரும் சொல்லி முடிக்கும்போது முறை வெளியே வந்துவிடும். உடைத்தவனுடைய குலம், வீடியோ எடுத்தவனின் அப்பா குலமாக இருந்தால், உடைத்தவன் மற்றவனுக்குச் சித்தப்பா முறை. ஒரே வயது, ஒரே வகுப்பு, ஆனால் சித்தப்பா. பாட்டிமார் அதை எளிதில் விடமாட்டார்கள். "உன் பிள்ளை முறை ஆகிறவனையா அடித்தாய்?" என்று ஒருத்தி கேட்டால், இடைநீக்கக் கடிதம் செய்யாத ஒன்றை அது செய்யும்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசுவது. குறுக்கிடக் கூடாது. அழலாம், கோபப்படலாம், என்ன நடந்தது என்பதோடு எப்படி வலித்தது என்றும் சொல்லலாம். சாட்சி விதி, ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. சாக்குகளும் வரும்: "சும்மா விளையாட்டுக்கு எடுத்தேன்", "எல்லோரும்தான் பகிர்ந்தார்கள்". சாக்கை உடைப்பது பீஸ்மேக்கர் வேலை மட்டும் அல்ல. உன்னை நன்றாகத் தெரிந்த அத்தையும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் உன் சாக்கு செல்லாது. பிறகு பீஸ்மேக்கர் கதைகளும் பழைய போதனைகளும் சொல்லிப் பேசுவார். அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்ற பேச்சு, ஒப்புதல், முடிவுப் பிரார்த்தனை, எல்லோரும் கைகுலுக்கல். சில மணி நேரம் எடுக்கலாம். ஒரு பீரியடுக்குள் முடிக்க வேண்டும் என்று நினைக்கும் பள்ளி இதைத் தொடாமல் இருப்பதே மேல்.

கதை சொல்லி என்ன ஆகப்போகிறது? பதின்ம வயதுப் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்கட்டுமே, பல கதைகள் சிரிக்கத்தான் இருக்கின்றன. ஆனால் கதையின் வேலை வேறு. நேரடியாக "நீ செய்தது தப்பு" என்றால் பையன் தற்காப்பில் இறங்குவான். கதையில் வரும் ஆளைப் பற்றிப் பேசும்போது அவனே முடிவுக்கு வந்துவிடுவான்.

பீஸ்மேக்கர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று கொம்புப் பல்லியும் மின்னலும். பல்லி ஒரு நிலத்தில் பூச்சி தேடி நடந்துகொண்டிருக்கிறது. மின்னல் வந்து இது என் இடம், போய்விடு என்கிறது. பல்லி பணிவாகத்தான் பேசுகிறது: உன்னைப் போல் அடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, இதைப் பேசிக்கொள்ளலாமே. மின்னல் கேட்காமல் அடிக்கிறது. பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் மேல் கவசம் இருக்கிறது. உனக்கு அந்த மின்னல் வெட்டைக் கொடுத்தவர்தான் எனக்கு இந்தக் கவசத்தையும் கொடுத்தார், இந்த நிலமும் நம் இருவருக்கும் இரவல்தான், பிறகு எதற்குச் சண்டை என்கிறது பல்லி.

நவஹோ பிள்ளைகளுக்குக் கொம்புப் பல்லி தாத்தா முறை. வழியில் கண்டால் மெதுவாக எடுத்து நெஞ்சில் ஒற்றி, தாத்தா என்று வணக்கம் சொல்லி விட்டுவிடுவார்கள். ஆகவே இது அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த நீதிக்கதை கிடையாது, போன வாரம் முற்றத்தில் பார்த்த தாத்தாவின் கதை. (பள்ளிகளுக்கு ஒரு குறிப்பு: கயோட்டி என்ற நரியின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். ஏப்ரலில் பாடத்திட்டத்தில் போட்டுவிட்டுப் பெரியவரைச் சொல்லச் சொன்னால் அவர் மறுப்பார், அது அடம் இல்லை.)

கடைசியில் என்ன கொடுக்கிறார்கள்? அபராதமா?

'நால்யே' என்பார்கள். நடந்ததைச் சரிசெய்யக் கொடுப்பது, செய்வது. பணமாக இருக்கலாம், ஆடாக இருக்கலாம், நகையாக, வேலையாக, சில சமயம் பேச்சாகவே கூட இருக்கலாம். போதுமானது எவ்வளவு என்பதைப் பாதிக்கப்பட்டவர் மனம் ஆறுவதை வைத்துத்தான் அளப்பார்கள், பட்டியல் கிடையாது.

ராபர்ட் யாஸி எழுதிய ஒரு வழக்கு இதற்குப் பொருத்தம். ஒரு பெண், குழந்தைக்கு நீதான் அப்பா என்று ஓர் இளைஞன் மேல் வழக்குப் போடுகிறாள். குடும்பங்கள் கூடிப் பேசுகின்றன. அவனுக்கு வேலை இல்லை, மாதாமாதம் பணம் கட்டு என்றால் காகிதத்தில்தான் இருக்கும். ஆகவே வேலை கிடைக்கும்வரை அவள் வீட்டுக்கு அவன் விறகு கொண்டுவந்து போட வேண்டும் என்று முடிவாகிறது. குளிர் அடிக்கும் மேட்டுநிலத்தில் விறகு என்பது நிஜமான பொருள்.

நம் பஸ் உதாரணத்தில் என்னவாக இருக்கும்? உடைத்தவன் குடும்பம் போனுக்குப் பாதிப் பணம், மீதிக்கு அவன் வார இறுதிகளில் மற்றவனின் தாத்தா ஆட்டுப்பட்டியில் வேலை. வீடியோ எடுத்தவன் தானே ஒவ்வொருவரிடமாகப் போய் அழிக்கச் சொல்ல வேண்டும், அதோடு டிரைவரிடம் இருவரும் பேச வேண்டும். இப்படி ஏதாவது. இன்னொரு குடும்பத்தில் வேறு மாதிரி முடியலாம், முடியட்டும்.

இது ரொம்ப மென்மையாகத் தெரிகிறதே. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தப்பிவிடலாம் போலிருக்கிறது?

இரண்டு பாட்டிகள், அம்மா, மாமன், டிரைவர் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து நான் ஏன் செய்தேன் என்று சொல்வதா, வீட்டில் பத்து நாள் போன் நோண்டுவதா, எது சுலபம் என்று எந்தப் பதின்மூன்று வயதுப் பையனையும் கேட்டுப் பாருங்கள். நவஹோ மரபிலேயே மென்மைப் பக்கமும் கண்டிப்புப் பக்கமும் இரண்டும் உண்டு. கண்டிப்பான பேச்சு தேவைப்படும் இடத்தில் பீஸ்மேக்கர் கண்டிப்பாகவே பேசுவார்.

மென்மையாகிப் போகும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிகள் இதைச் சுருக்கி, உறவினர் யாரையும் கூப்பிடாமல், ஆலோசகர் அறையில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து "சாரி சொல்லு" என்று பத்து நிமிடத்தில் முடிப்பது. அதற்கு பீஸ்மேக்கிங் என்று பெயர் வைப்பது அநியாயம்.

தப்பு செய்தது ஆசிரியராக இருந்தால்?

அவரும் அதே வட்டத்தில், அதே உயர நாற்காலியில். இதை ஏற்காத பள்ளி மற்றதை எல்லாம் ஏற்றும் பிரயோஜனமில்லை என்பது என் கருத்து.

இன்னொன்று, பல மோதல்கள் தப்பான புரிதலில் ஆரம்பிக்கின்றன. பாரம்பரியமாக வளர்ந்த நவஹோ பிள்ளை பெரியவரின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே நிற்காது, அது மரியாதைக் குறைவு. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் "நான் பேசும்போது என் முகத்தைப் பார்" என்று அதட்டுவார். பிள்ளை தலையை இன்னும் தாழ்த்தும். அவர் குறிப்பேட்டில் 'பணிய மறுத்தான்' என்று எழுதுவார். விரலை நீட்டிக் காட்டுவதும் அங்கே நல்ல பழக்கம் இல்லை, உதட்டைக் குவித்துத்தான் திசை காட்டுவார்கள். ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிக் கூடல்களுக்கு அவசியமே வராது.

எந்த விஷயங்களுக்கு இது கூடாது?

பாலியல் வன்முறை, பிள்ளை மீது பெரியவர் செய்யும் கொடுமை, ஆயுதம். இவற்றில் சட்டப்படி புகார் கொடுக்க வேண்டியது பள்ளியின் கடமை, கூடல் அதற்கு மாற்று ஆகாது. எல்லாம் முடிந்து பாதிக்கப்பட்டவர் தானே கேட்டால் பிறகு பார்க்கலாம்.

குடும்ப வன்முறை வழக்குகளைப் பீஸ்மேக்கிங்குக்கு அனுப்புவது பற்றி 1990-களிலேயே சட்ட ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்: அடிபட்டவளை அடித்தவன் எதிரில் உட்காரவைக்கும்போது அவள் உண்மையில் சம்மதித்தாளா, அல்லது உறவினர் அழுத்தமா? பள்ளியில் தொடர்ந்து ஒருவனால் துன்புறுத்தப்படும் பிள்ளைக்கும் இதே கேள்வி பொருந்தும். எந்த உறவு பலம் என்று மேலே அவ்வளவு சொன்னேனோ அதே உறவு வாயை அடைக்கவும் செய்யும். ஆகவே கூடலுக்கு முன்பே பிள்ளையைத் தனியாகச் சந்தித்துக் கேட்பது, வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுவது, இரண்டிலும் சமரசம் கூடாது.

பிரார்த்தனை இருக்கிறது என்கிறீர்கள். அரசுப் பள்ளியில் செய்யலாமா?

பள்ளியைப் பொறுத்தது. நவஹோ நிலத்தில் மாநில அரசுப் பள்ளிகள், மத்திய அரசின் பழங்குடிக் கல்வித் துறைப் பள்ளிகள், மத்திய நிதியில் உள்ளூர் மக்கள் வாரியமே நடத்தும் பள்ளிகள் என்று பல வகை. மாநிலப் பள்ளியில் நிர்வாகமே பிரார்த்தனை நடத்துவது அரசியல் சட்டப்படி சிக்கல். கூடலைப் பள்ளிக்கு வெளியே, குடும்பங்களின் விருப்பத்தோடு நடத்துவது ஒரு வழி. வீடுகளிலும் வேறுபாடு உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, பீயோட்டி என்ற கள்ளிச் செடியை வைத்து நடக்கும் வழிபாட்டைச் சேர்ந்த குடும்பங்களும் பல. எந்தப் பிரார்த்தனை, யார் சொல்வது என்பதை முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும்.

குலம் தெரியாத பிள்ளை, மொழி தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

இப்படிப் பிள்ளைகள் நிறைய, அதற்கான காரணம் மேலே விடுதிப் பள்ளிக் கதையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசலாம், பிரச்சினை இல்லை. குலம் தெரியாவிட்டால் வீட்டில் போய்க் கேட்டு வரச் சொல்வதே ஒரு நல்ல தொடக்கம். அதில் கூச்சப்படுத்தக் கூடாது என்பது மட்டும் முக்கியம், நாலு குலத்தையும் சரளமாகச் சொல்லும் பிள்ளை முன்னால் இது தலைகுனிந்து நின்றால் வந்த காரியம் கெட்டுவிடும்.

பீஸ்மேக்கிங் இருந்தால் 'ஆரோக்கியமான பள்ளி' என்கிறார்களே, சண்டை தீர்ப்பதில் ஆரோக்கியம் எங்கே வந்தது?

நவஹோ சிந்தனையில் இவை இரண்டு துறைகள் இல்லை. பழங்கதையில் இரட்டையர்கள், அரக்கரைக் கொன்றவனும் நீருக்காகப் பிறந்தவனும், உலகத்தை அலைக்கழித்த அரக்கர்களைக் கொல்கிறார்கள். சிலவற்றை மட்டும் உயிரோடு விடுகிறார்கள்: பசி, வறுமை, முதுமை, பேன். பேன் கூடவா என்று கேட்கலாம். அவை ஒவ்வொன்றும் தாங்கள் ஏன் மனிதருக்குத் தேவை என்று வாதாடித் தப்பிக்கின்றன. இன்றைய பேச்சில் குடி, போதை, வன்முறை, மனச்சோர்வு எல்லாமே அரக்கர்கள். ஒருவன் நன்றாக வாழ்வதற்குக் குறுக்கே நிற்பது எதுவும் அரக்கன்தான். கூடலில் அந்த அரக்கனுக்குப் பெயர் வைத்துப் பேசும்போது, பிள்ளை வேறு, அவனைப் பிடித்திருப்பது வேறு என்று ஆகிவிடுகிறது. போனை உடைத்தவன் வீட்டில் குடியால் ராத்திரி தூக்கம் இல்லை என்று கூடலில் தெரியவந்தால், அடுத்த பேச்சு அதைப் பற்றித்தான்.

தகராறு இல்லாத நாட்களுக்கும் ஓர் அடித்தளம் உண்டு. சிந்தித்தல், திட்டமிடல், வாழ்தல், நின்று நிதானித்துப் பார்த்தல் என்று நான்கு படிகளை நான்கு திசைகளோடு வைத்துக் கற்பிப்பது டினே கல்லூரியின் கல்வி முறை. 1968-இல் தொடங்கிய கல்லூரி அது, பழங்குடி மக்கள் தாங்களே தொடங்கி நடத்திய முதல் கல்லூரி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1966-இல், ரஃப் ராக் என்ற ஊரில் உள்ளூர் மக்கள் வாரியம் வைத்துத் தங்கள் பள்ளியை நடத்த ஆரம்பித்தார்கள். பீஸ்மேக்கிங் இந்த மாதிரிப் பள்ளியில் இயல்பாக உட்காரும். மொழியும் பண்பாடும் தினமும் இல்லாத பள்ளியில், சண்டை வந்த அன்று மட்டும் பாரம்பரியத்தைக் கூப்பிட்டால் அது வேஷமாகத் தெரியும், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

பக்கத்து உறவான ஒரு முறைக்கு உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் 'ரெஸ்டோரேட்டிவ்' (கெட்டுப்போனதைச் சரிசெய்வது) என்ற பெயரில் பரவிய வட்டக் கூட்டங்களை, பிட்ஸ்பர்க் நகரில் 2015 முதல் இரண்டு வருஷம், 44 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். இடைநீக்கங்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் நன்றானது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் நடுநிலை வகுப்புகளில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே நடந்ததில் குலமும் இல்லை, பாட்டியும் இல்லை என்பதால் அதை நவஹோ முறைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

நவஹோ அல்லாத பள்ளி இதை எடுத்துக்கொள்ளலாமா?

நியூயார்க்கின் புரூக்ளினில் ரெட் ஹுக் பகுதியில் 2013-இல் ஒரு பீஸ்மேக்கிங் திட்டம் தொடங்கியபோது, நவஹோ பீஸ்மேக்கர்கள் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். கேட்டு, சொல்லிக்கொடுக்கச் சொல்லி, பெயர் சொல்லி எடுத்துக்கொண்டால் அவர்கள் தாராளம்தான். குலத்தையும் பிரார்த்தனையையும் நகல் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். உறவினரைக் கூப்பிடுவது, பாதிக்கப்பட்ட எல்லோரையும் (பஸ் டிரைவரை!) கூப்பிடுவது, நேரம் கொடுப்பது, பேச்சோடு நிற்காமல் ஏதாவது செய்துகாட்டி முடிப்பது, இவற்றை எந்தப் பள்ளியும் எடுக்கலாம்.

பீஸ்மேக்கரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பணம் வாங்குவார்களா?

நவஹோ நேஷனில் 110 சாப்டர்கள், அதாவது ஊராட்சி மாதிரியான அமைப்புகள். பேச்சுக்கும் நடத்தைக்கும் மதிப்புள்ளவர் என்று அந்த ஊரே ஒருவரைச் சொல்ல, சாப்டர் ஒப்புதல் கொடுக்கும். சட்டப் படிப்பு தேவையில்லை. கட்டணம் உண்டு, தரப்பினர்தான் கொடுக்க வேண்டும். பள்ளி வழக்கு என்றால் அதைப் பள்ளியே ஏற்றுக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை மட்டும் இடைநீக்கத்தில் போய் நிற்கும். தொடங்க நினைக்கும் பள்ளி அந்தந்த மாவட்ட நீதிமன்றத்தோடு இருக்கும் பீஸ்மேக்கிங் அலுவலகத்தில் பேசலாம், ஆனால் முதலில் பேச வேண்டியது சாப்டர் கூட்டத்தில். சாப்பாடு ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், தொலைவிலிருந்து வருகிறவர்கள்.